மேலே நிற்பவனும் உள்ளே இறங்குபவனும்

(கட்டிடத் தொழிலாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் விட்டுப்போன சில விவரங்கள் எழுதும்போது சேர்க்கப்பட்டுள்ளன.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘கட்டிட வேலையில் மேற்பார்வையும் பாதுகாப்பும்’. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஹெல்மெட்டில் ஆரம்பித்து பெல்ட்டில் முடிப்பார்கள். பெரிய சைட் எதுவானாலும் வாசலில் ஒரு போர்டு இருக்கும். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் அதில் சிரித்துக்கொண்டு நிற்பார். பாதுகாப்புதான் முதல் என்று எழுதியிருக்கும். அந்த போர்டை நடுவதற்குக் குழி தோண்டியவருக்கு ஹெல்மெட் கொடுத்தார்களா என்று யாரும் கேட்டதில்லை. ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு செங்கல் தவறினால் அதுதான் உயிரைக் காக்கும். ஆனால் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டால், செத்தவர் மேலேயே பழியைத் தூக்கிப் போட வசதியாகிவிடுகிறது. “குடுத்தோம் சார், அவன்தான் போடல.” முடிந்தது கதை.

வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு சைட்டில் ‘வேலையை நிறுத்து’ என்று சொல்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஆபத்து வருவதை முதலில் பார்க்கிறவர் யார்? இந்த இரண்டும் ஏன் ஒரே ஆளிடம் இருப்பதில்லை? இதற்குள் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க்கிலிருந்து தொடங்குகிறேன். மலக்குழிச் சாவுகளைப் பற்றி நம் இயக்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன, தெருவில் இறங்கியிருக்கின்றன. ஒரு சொட்டு மலம்கூட விழாத தொட்டிக்குள் மனிதர்கள் சாவதைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி வரும். புது வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுத் திணறிச் சாவு. 2022 நவம்பரில் கரூரில் நடந்தது இதுதான். முதலில் இறங்கியவர் மேலே வரவில்லை என்று அடுத்தவர் இறங்கினார், அவரும் வரவில்லை. அதற்கு முன்பும் நடந்திருக்கிறது, பிறகும் நடந்திருக்கிறது.

எப்படிச் சாகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களில் பலருக்கு அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

தொட்டியின் நாலு பக்கச் சுவரும் எழுப்பி, உள்ளே பூசி முடித்த பிறகு மேலே கான்கிரீட் மூடி போடுகிறார்கள். கான்கிரீட்டைத் தாங்கத் தொட்டிக்குள் முட்டுக் கட்டைகளும் அவற்றின் மேல் பலகைகளும் அடிக்கப்படும். மூடியில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு வாய் மட்டும் விடுவார்கள். கான்கிரீட் இறுக மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். அந்தத் தண்ணீர் கசிந்து உள்ளே இறங்கும். மழை பெய்தால் அதுவும் சேரும். இரண்டு வாரமோ ஒரு மாதமோ அப்படியே கிடக்கும். உள்ளே ஈரக் கட்டை, ஈரப் பலகை, மரத்தூள், சாக்குத்துணி, கழுவி ஊற்றிய எச்சில். எல்லாம் அழுகும். அழுகுகிற பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும், கரியமில வாயுவை வெளியே விடும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. வாய் திறந்திருந்தாலும் அடியிலேயே தேங்கிக் கிடக்கும். நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். அது 10க்குக் கீழே போனால் நினைவு தப்பும். 6க்குக் கீழே போய்விட்டால் சில மூச்சுகளிலேயே ஆள் சரிந்துவிடுவார். கத்துவதற்கு நேரம் இருக்காது. ஆக்சிஜன் இல்லாத காற்றுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மேலே நிற்பவர் எட்டிப் பார்க்கும்போது ஆள் வழுக்கி விழுந்து கிடப்பதுபோலத்தான் தெரியும். தண்ணீர் முழங்கால் அளவுதானே, தூக்கிவிடலாம் என்று அண்ணன் குதிப்பார். அண்ணனைத் தேடித் தம்பி குதிப்பார். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிணம் விழுவது இதனால்தான். சைட்டில் வேலை செய்யும் குழு பெரும்பாலும் சொந்தபந்தம். இரத்தம் தண்ணீரைவிடக் கெட்டி என்பார்களே, அந்தக் கெட்டிதான் அடுத்த ஆளை உள்ளே இழுக்கிறது.

நம் பாட்டன்மார் பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்க மாட்டார். அது அனுபவ அறிவு. (அதைக் கழிவு விழுந்த தொட்டியில் செய்து பார்க்க வேண்டாம். அங்கே தீப்பிடிக்கிற மீத்தேன் இருக்கும், வெடிக்கும்.) இன்றைக்கு வாயு அளக்கும் கருவி இருக்கிறது. காற்றை உள்ளே செலுத்தும் ஊதுகருவி இருக்கிறது. இறங்குகிறவர் உடம்பில் கயிற்றைக் கட்டி மேலே இருவர் பிடித்துக்கொண்டு நிற்கலாம், விழுந்தால் உள்ளே இறங்காமலே இழுக்கலாம். எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. மூடியைத் தரையில் துண்டு துண்டாக வார்த்து, இறுகிய பிறகு தூக்கிச் சுவர்மேல் அடுக்கிவிட்டால் தொட்டிக்குள் சென்ட்ரிங்கே தேவையில்லை. யாரும் இறங்க வேண்டியதில்லை. இது விண்வெளி ஆராய்ச்சி இல்லை. எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை.

பிறகு ஏன் இறக்குகிறார்கள்? எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் முப்பது வருஷமாக சென்ட்ரிங் மேஸ்திரி. அவரிடம் கேட்டேன். “தம்பி, பலகை வாடகைக்கு ஓடுது. நாள் ஏற ஏறக் காசு. பலகைய உள்ளாற வுட்டுட்டா அது என் கையக் கடிக்கும். தரையில வார்க்கலாம்னு சொன்னா, தூக்க நாலு ஆள் கூட வேணுமேன்றாரு ஓனரு.” நாலு ஆள் கூலி, பத்துப் பலகை விலை. தராசின் ஒரு தட்டில் இருப்பது இது. மறு தட்டில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தராசு சாய்கிறது. வீட்டுக்காரர் மகனைப் பத்துப் பலகைக்காக எவரும் அந்த ஓட்டைக்குள் இறக்குவாரா? “ஒல்லியா இருக்கான், அவன இறக்கு” என்று சொல்வார்களே, அந்த ஒல்லியான பையன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், மனிதக் கழிவு விழும் தொட்டியைத்தான் செப்டிக் டேங்க் என்று வரையறுக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. புதுத் தொட்டியில் செத்தவரின் குடும்பம் இதைக் கேட்டுப் போனால், தொட்டியில் மலம் இல்லையே என்று சொல்லித் திருப்பி அனுப்ப அந்த வரையறை இடம் கொடுக்கிறது. சரி, கட்டிட விபத்து என்றே வைத்துக்கொள்வோம் என்று அந்தப் பக்கம் போனால், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு 1996ஆம் ஆண்டுக் கட்டிடத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது. வீட்டு சைட்டில் இருப்பது நாலைந்து பேர். பிணத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பதிலேயே அதன் சாதி மறைந்துவிடுகிறது.

‘மேற்பார்வை’ என்கிற சொல்லையே கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம். மேலேயிருந்து பார்ப்பது. சைட்டில் இது உவமை இல்லை, நேரடி உண்மை. கட்டிடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரமான ஏணி ஒன்று மனிதர்களுக்குள்ளும் நிற்கிறது. முதலாளி, இஞ்சினியர், சூப்பர்வைசர், மேஸ்திரி, கொத்தனார், பெரியாள், சித்தாள். சிறு ஆள்தான் சித்தாள். கலவைச் சட்டி தூக்கியே கழுத்தெலும்பு தேய்ந்து போன ஐம்பத்தைந்து வயது அம்மாவும் சைட்டில் ‘சின்ன ஆள்’தான். நேற்று கொல்லறு பிடிக்கக் கற்றுக்கொண்ட இருபது வயதுப் பையன் அவரை ‘இங்க வா’ என்று கூப்பிடுவான். முப்பது வருஷம் கொத்தனார் பக்கத்திலேயே நின்று, கலவையின் பதம், ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் கண்ணால் படித்த பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுத்ததாக எத்தனை சைட்டைக் காட்ட முடியும்? தமிழில் ‘சித்தாள்’ உண்டு. ‘கொத்தனாரம்மா’ என்றால் கொத்தனார் பெண்சாதி என்றுதான் அர்த்தம். மொழி யாரை எங்கே நிறுத்தியிருக்கிறது பாருங்கள். இதில் மேஸ்திரியின் கை நீளுவதும் சேர்த்தி. நாளைக்கு வேலை வேண்டுமென்றால் வாயை மூடிக்கொள் என்கிற பாதுகாப்புதான் அவர்களுக்குக் கிடைக்கிறது.

ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்குத் தனியறை வேண்டும் என்றது 1996 சட்டம். நாற்பத்தொன்பது பேர் இருந்தால்? மணல் குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு சவுக்குக் கட்டைக்கு நடுவே புடவைத் தூளி. மேலே சாரம். இதை நான் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. இங்கே இருக்கிற சிலர் அந்தத் தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள்.

அந்த ஏணியில் மேஸ்திரிக்கு ஒரு விசித்திரமான இடம். நம்மில் பலர் மேஸ்திரியை எதிரியாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கிராமத்தில் பண்ணையாரின் ஆளாக நம் ஆளையே வைத்து நம்மை வேலை வாங்கிய ஏற்பாடுதான் சைட்டுக்கும் வந்திருக்கிறது. மேஸ்திரி நம் தெருக்காரர், மாமன் மச்சான். முன்பணம் கொடுத்திருப்பார், பிள்ளைக்குக் காது குத்துக்கு வந்திருப்பார். அவர் ‘இறங்கு’ என்றால் முகத்தை முறித்து ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாது. அவருக்கோ சதுர அடிக் கணக்கில் லேபர் கான்ட்ராக்ட். முட்டை இன்னும் நாலு நாள் விட்டு வைத்தால், பள்ளத்துக்குத் தடுப்புப் பலகை அடித்தால், அந்தச் செலவு அவர் மடியிலிருந்து போகும். மேலே இருக்கிறவர் பாதுகாப்பைச் செலவாக ஆக்கிக் கீழே தள்ளுகிறார், கீழே இருக்கிறவர் அதை உயிராகக் கட்டுகிறார், நடுவில் நிற்பவர் இரண்டு பக்கமும் உதை வாங்குகிறார். சாவு விழுந்தால் முதல் தகவல் அறிக்கையில் முதலில் ஏறுவது மேஸ்திரி பெயரும் சூப்பர்வைசர் பெயரும். அந்தக் காலத்து 304ஏ, இப்போது 106ஆவது பிரிவு. முதலாளி முன்ஜாமீனுக்கு வக்கீலைப் பார்க்கப் போயிருப்பார்.

அறிவு எங்கே இருக்கிறது என்பதைப் பேசலாம். பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறார்கள். இந்தியத் தர நிர்ணய விதி 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கச் சுவருக்குத் தடுப்பும் முட்டும் வேண்டும் என்கிறது. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து தள்ளிக் கொட்ட வேண்டும். நம் தெருக்களில் பார்த்திருப்பீர்கள், மண்ணை விளிம்பிலேயே கோபுரமாகக் குவித்து வைத்திருப்பார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாதாம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். மார்பு வரை மண் மூடினாலே போதும், தலை வெளியே தெரிந்தாலும் விலா விரியாது, மூச்சு விட முடியாது. சரிவதற்கு முன்னால் மண் சொல்லும். விளிம்புக்கு இணையாக மேலே ஒரு கீறல் ஓடும். பக்கச் சுவரிலிருந்து பொடிக்கல் உதிரும். ஓரிடத்தில் ஈரம் கசியும். இதையெல்லாம் முதலில் பார்ப்பவர் உள்ளே மண்வெட்டியோடு நிற்பவர்தான். மேலே ரோட்டில் நிற்கும் சூப்பர்வைசர் பார்ப்பது நாளைக்கு எத்தனை மீட்டர் என்கிற கணக்கை. கீழே நிற்பவருக்குக் கண் இருக்கிறது, வாய் இல்லை. மேலே நிற்பவருக்கு வாய் இருக்கிறது.

சென்ட்ரிங் பிரிப்பதும் இதே கதை. தளத்தின் அடிப்பலகையை 3 நாளில் எடுக்கலாம், ஆனால் முட்டை உடனே திரும்பக் கொடுக்க வேண்டும். நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். இது சாதாரண சிமெண்டுக்கும் நம்மூர் வெயிலுக்கும் ஐ.எஸ். 456 என்கிற விதிநூல் சொல்கிற கணக்கு. இஞ்சினியர் இதைக் கல்லூரியில் படித்திருப்பார். என் மேஸ்திரி அண்ணன் படிக்காமலே சொல்கிறார், தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியுமாம். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று ஏன் நடப்பதில்லை என்றால், நாள்வாடகைக் கணக்குத்தான் தேதியை முடிவு செய்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. வீட்டுக் கடன் கோப்புகள் என் மேஜை வழியாகப் போகின்றன. கடனை ஒரே தடவையில் கொடுக்க மாட்டோம். அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பீட்டாளர் போய்ப் பார்க்க வேண்டும், போட்டோ வேண்டும், எத்தனை சதவீதம் முடிந்தது என்று சான்றிதழ் வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த தவணை. கட்டிடத்துக்குத் தீ, வெள்ளம், பூகம்பக் காப்பீடு எடுக்கச் சொல்வோம். சிமெண்டையும் கம்பியையும் இவ்வளவு உன்னிப்பாக மேற்பார்வை செய்கிற அந்தப் படிவங்களில், அந்தக் கட்டிடத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு கட்டம் கிடையாது. எத்தனை பேர், பதிவு பெற்றவர்களா, யாருக்காவது அடிபட்டதா, எதுவும் இல்லை. போட்டோவில் சில சமயம் ஒரு சித்தாள் ஓரத்தில் பாதி உருவமாக விழுந்திருப்பார். மதிப்பீட்டாளர் அடுத்த தடவை அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் படம் எடுப்பார். தவணையை நிறுத்தினால் வேலை நிற்கும். ‘நிறுத்து’ என்கிற சொல்லின் உண்மையான உரிமையாளர்களில் ஒருவர் வங்கி. செங்கல் சுவர் குறைந்தால் நிறுத்துவோம், உயிர் குறைந்தால் நிறுத்த மாட்டோம்.

பெரிய சைட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. 2014 ஜூன் 28 மாலை, மழையில், சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திரத்தின் வடகோடியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். எட்டாவது நாள், ஜூலை 6ஆம் தேதி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் பக்கத்திலிருந்த குடிசைகள்மேல் விழுந்து 11 பேர் செத்தார்கள். அவர்களும் கட்டிடத் தொழிலாளர்கள், வேலை முடித்துத் தூங்கியவர்கள். வேலைத்தளத்தின் ஆபத்து சாயங்காலம் ஆறு மணியோடு முடிவதில்லை. தொழிலாளியைச் சுவரோரம் குடிசை போட்டுத் தங்க வைக்கிறார்களே, அதுவும் மேற்பார்வைதான். மவுலிவாக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது, டிவியில் நேரலை. அந்த 61 பேரின் ஊர்களுக்கு எந்தக் கேமரா போயிற்று?

சுவர் என்றதும் மேட்டுப்பாளையம் நடூர் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, ஏறக்குறைய 20 அடி உயரத்துக் கருங்கல் சுவர் நம் மக்கள் வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர், அத்தனை பேரும் தலித்துகள். அந்தச் சுவர் பயமாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் அதன் நிழலில் குடியிருந்தவர்கள்தான். சொன்னார்கள். கேட்க ஆள் இல்லை. தொட்டிக்குள் நிற்பவருக்கும் சுவருக்குக் கீழே படுத்திருப்பவருக்கும் ஒரே கதிதான்.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் சும்மா வந்ததில்லை. தமிழ்நாட்டில் 1982லேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1985இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் கட்டிடத் தொழிலாளர் சட்டத்துக்கான தேசியப் பிரச்சாரக் குழு அமைந்தது. 1994இல் தமிழ்நாட்டுக் கட்டிடத் தொழிலாளர் நல வாரியம். 1996இல் மத்தியச் சட்டம், கூடவே கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் தீர்வை. சங்கங்கள் தெருவில் நின்று வாங்கியவை இவை. பணம் வராமல் போகவில்லை. நாடு முழுக்க 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகி, 9,500 கோடி அளவுக்குத்தான் செலவானது என்று 2018 மார்ச் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எழுதியது. சில இடங்களில் அந்தப் பணத்தில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கினார்களாம். கலவை தூக்குகிற அம்மாவுக்கு வாஷிங் மெஷின்! எந்தக் குடிசையில், எந்தக் குழாயடியில் வைத்துத் துவைப்பது என்று அதிகாரி யோசித்தாரோ என்னவோ.

அந்த 1996 சட்டத்தையும் சேர்த்து 13 சட்டங்களை விழுங்கிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. இதிலும் பத்துப் பேருக்குக் குறைந்த சைட் வெளியேதான். ஆய்வாளர் என்கிற பெயரோடு ‘வசதி செய்து தருபவர்’ என்றும் ஒரு வாலை ஒட்டியிருக்கிறார்கள். யாருக்கு வசதி என்று கேட்கக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தொழிலாளிக்குத் தோன்றினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ‘தெரிவிக்கலாம்.’ தெரிவித்துவிட்டு எங்கே நிற்பது, தொட்டிக்கு உள்ளேயா, வெளியேயா? கட்டிட வேலை பற்றிய 167ஆவது சர்வதேசத் தொழிலாளர் ஒப்பந்தம் 1988இலேயே, உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பினால் அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றது. தெரிவிப்பதற்கும் விலகுவதற்கும் நடுவில் இருக்கிற தூரம் பத்தடி. தொட்டியின் ஆழம் அது.

அம்பேத்கரைப் பற்றி ஒன்று. அவரை நாம் சட்ட அமைச்சராகவே நினைவு வைத்திருக்கிறோம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார், பொதுப்பணியும் அந்தத் துறையில்தான் இருந்தது. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். போரைக் காரணம் காட்டிப் பெண்களைச் சுரங்கத்தின் அடியில் இறக்க இருந்த தடையை அரசாங்கம் நீக்கிய ஆண்டும் அதேதான். அவர் பொறுப்பிலிருந்த துறை அது, கடுமையான விமர்சனம் வந்தது. 1946இல் தடை திரும்ப வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது, மேற்பார்வை செய்ய வேண்டிய ஒருவர் பூமிக்குள் இறங்கிப் பார்த்தார் என்பதை. நம் சைட்டுகளில் எத்தனை இஞ்சினியர்கள் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆளை இறக்கியிருக்கிறார்கள்?

இனி நம் பக்கம் வருகிறேன். என் மேஸ்திரி அண்ணன் ஒரு தடவை மாட்டேன் என்றார். தொட்டி மூடி இருபது நாளாயிருந்தது, உள்ளே தண்ணீர். பையனை இறக்க மாட்டேன், மூடியை ஒரு பக்கம் உடைத்துக் காற்றாட விடுகிறேன் என்றார். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாளே பக்கத்துத் தெருவிலிருந்து, நம் ஆட்களே, போய்ப் பிரித்துக் கொடுத்தார்கள். நல்லவேளை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது இன்னும் மோசமாகப் போயிற்று. “பாரு, ஒண்ணும் ஆவல, நீதான் பயந்தாங்கொள்ளி” என்று இவரைக் கிண்டல் செய்தார்கள். தனியாள் சொல்கிற ‘மாட்டேன்’ ஒரு நாள்கூடத் தாங்காது என்பதை அவர் அன்றைக்குப் புரிந்துகொண்டார். மூன்று தெரு மேஸ்திரிகளையும் உட்கார வைத்துப் பேசினார். மூடியைத் தரையில்தான் வார்ப்போம், தொட்டிக்குள் ஆளை இறக்க மாட்டோம், யார் மறுத்து வந்தாலும் அந்த வேலையை மற்றவர் எடுக்கக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் ஒரு வருஷம்போல அவர்கள் வார்த்தை நின்றது. சாதிச் சங்கம் கூடிக் கல்யாணத்துக்குக் கட்டுப்பாடு போடுகிற ஊரில், உயிருக்கு ஒரு கட்டுப்பாடு போட்டார்கள்.

அதன் பிறகு வீட்டுக்காரர்களும் சிறு பில்டர்களும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்கு நம் மேஸ்திரிகளின் வார்த்தை தெரியாது. மொழியும் தெரியாது. ‘வடக்கன் வந்து வேலையக் கெடுத்துட்டான்’ என்று நம் தெருவிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ‘வடக்கன்’ என்கிற சொல்லை நம் வாயில் கேட்கும்போது எனக்குக் கூசுகிறது. அந்தப் பையன்களின் ஊரில் போய் விசாரித்தால் அவர்களில் எத்தனையோ பேர் அங்கே ஊருக்கு வெளியே இருப்பவர்கள், ஆதிவாசிகள், முஸ்லிம்கள். நம்மை ‘இறங்குடா’ என்று சொன்ன அதே வாய்தான் இப்போது கையைக் காட்டி அவனை இறக்குகிறது. நம் ஆளில் ஒருவர் மேஸ்திரியாகி அவர்களை இறக்குவதும் நடக்கிறது. ஏணியில் நமக்குக் கீழே ஒரு படி கிடைத்துவிட்டது என்கிற திருப்திக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

நடைமுறையாகச் சிலவற்றைப் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு மேஸ்திரிகள் கூடுகிறார்கள். ஒரு சைட்டில் ஆபத்தென்று யார் சொன்னாலும், அது சித்தாளம்மாவானாலும், குழு மொத்தமும் வெளியே வருவது. அன்றைய கூலியை ஓனரிடமிருந்து கேட்டு வாங்குவது. கிடைக்காவிட்டால் மூன்று தெருவும் பங்கு போட்டுக் கொடுப்பது. இதற்கு ஒத்துக்கொள்வார்களா தெரியாது, சண்டை வரும். வரட்டும். கூட்டத்துக்குச் சித்தாள்களும் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கே இரண்டு மேஸ்திரிகள் முறைத்தார்கள். மாணவர்கள் செய்ய வேண்டியது, வாரியத்தில் பதிவு செய்யாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. தொண்ணூறு நாள் வேலை செய்ததற்குச் சான்று கேட்பார்கள், அதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். வாயு அளக்கும் கருவி ஒன்றைச் சங்கத்துக்குப் பொதுவாக வாங்க விலை விசாரிக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கிற தகரக் கொட்டகைக்குப் போய்ப் பேசவும் ஆள் வேண்டும். தொட்டிக் கதையைப் படம் வரைந்து காட்டலாம். இந்தியில் நிறுத்து என்பதற்கு ‘ருக்கோ’ என்பார்களாம். இந்தி எதிர்ப்புத் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த ஒரு சொல்லை நம் மேஸ்திரிகள் படிக்கட்டும். ‘நிறுத்து’ என்பதை அவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுப்போம். இந்தி தெரிந்தவர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.